லாரியில் ஏறிய துருத்தி

பாரவண்டிகளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் சக்கரத்தைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும், பெட்ரோலுக்குப் பின் டீசல் வந்த வரலாற்றைப் பற்றியும் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். அந்த வண்டிகள் சுவாசித்த காற்றைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. ஆனால் எஞ்சினின் சக்திக்கு எல்லை வகுப்பது அதில் ஊற்றும் எண்ணெயன்று, அதற்குள் போகும் காற்றே என்பதைப் பட்டறையில் கை அழுக்கானவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமின்றி எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எண்ணெயை ஒரு பம்பின் உதவியால் வேண்டிய மட்டும் பீய்ச்சிவிடலாம், காற்றோ பிஸ்டன் கீழே இறங்கும்போது வாயுமண்டலத்தின் அழுத்தம் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவே உள்ளே வரும். அந்த இயற்கை அளவுக்கு மேல் காற்றைப் பலவந்தமாகப் புகுத்தும் பொருட்டு, எஞ்சினின் சுழற்சியிலிருந்தே விசை வாங்கிச் சுழலும் கருவிதான் சூப்பர்சார்ஜர். இதை மட்டும் கொண்டுவந்து எஞ்சினின்மேல் மாட்டிவிட்டால் சக்தி பெருகிவிடும் என்று நம்பியவர்களுடைய உடைந்த பிஸ்டன்களும், இதற்கு இடம் கொடுக்கும்படி எஞ்சினின் மற்ற அங்கங்களையும் மாற்றி அமைத்தவர்களுடைய வெற்றிகளும் சேர்ந்ததே இதன் சரித்திரம்.

அந்தச் சரித்திரம் எஞ்சினோடு தொடங்கவில்லை என்பது வேடிக்கை. அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில் கானர்ஸ்வில் என்னும் சிற்றூரில் கம்பளி ஆலை நடத்திவந்த பிலாண்டர் ரூட்ஸ், பிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள், ஆலையை ஓட்டிய நீர்ச்சக்கரத்திலும் சிறந்ததொன்றைச் செய்ய முயன்றார்கள். மரத்தால் செய்த சுழலிகள் நீரில் ஊறிப் பருத்து இறுகிக்கொள்ளவே அந்த முயற்சி பலிக்கவில்லை. பிறகு அதைத் தண்ணீரின்றி வார்ப்படச்சாலையில் பெல்ட் பூட்டிச் சுழற்றிப் பார்த்தபோது, குனிந்து நோக்கிய மேற்பார்வையாளரின் தொப்பி பறந்ததென்றும், நீர்ச்சக்கரமாக உதவாதது ஊதுகருவியாக உதவும் என்று அவர் சொன்னதாகவும் ஒரு கதை வழங்குகிறது. தொப்பி பறந்ததோ இல்லையோ, 1860-ஆம் ஆண்டில் அந்தச் சகோதரர்கள் பேடண்ட் பெற்றது மெய்.

கருவியின் அமைப்பைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. ஏனெனில் பின்னால் வந்த சங்கடங்களுக்கெல்லாம் மூலகாரணம் அதிலேயே இருக்கிறது. வார்ப்பிரும்புக் கூடு ஒன்றினுள், 8 என்ற இலக்கத்தின் வடிவிலமைந்த இரண்டு சுழலிகள், ஒன்றன் இடுப்புப் பள்ளத்தில் மற்றதன் தலை புகுந்து வரும்படி, எதிரெதிர்த் திசைகளில் சுழல்கின்றன. வெளியே இருக்கும் இரண்டு பற்சக்கரங்கள் அவற்றைக் கணக்குப் பிசகாமல் சேர்த்துச் சுழற்றுவதால், சுழலிகள் ஒன்றையொன்று தொடுவதுமில்லை, கூட்டின் சுவரைத் தொடுவதுமில்லை; மயிரிழை அகலமுள்ள இடைவெளி எங்கும் இருக்கும். ஒரு பக்கத்து வாயில் புகும் காற்று, சுழலிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட பையில் அடைபட்டுச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்து வாயில் கொட்டப்படுகிறது. கருவிக்குள் காற்று அமுக்கப்படுவதில்லை. அப்பால் சென்று குவியும்போதுதான் நெருங்குகிறது. அப்படி நெருங்கிய காற்று திரும்பிப் பையினுள் பாய்ந்து மோதுவதால் உஷ்ணமாகிறது. உலைக்கு ஊதும்போது இந்த உஷ்ணத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கொல்லன் துருத்தி செய்த வேலையைப் பன்மடங்காகப் பெருக்கிச் செய்த இந்தக் கருவியை இரும்பு உருக்கும் உலைகளும் சுரங்கங்களும் விரும்பி ஏற்றன. 1870-ல் நியூயார்க் நகரத்து வீதிக்கு அடியில் ஆல்ப்ரெட் பீச் என்பவர் காற்றின் வேகத்தாலேயே ஒரு ரயில் பெட்டியை ஓட்டிக் காட்டியபோது, அந்தக் காற்றை ஊதியதும் கானர்ஸ்வில்லிலிருந்து வந்த யந்திரமே.

எஞ்சினுக்குக் காற்றை ஊட்டும் எண்ணம் மோட்டார் வண்டியின் பிறப்போடேயே பிறந்தது. 1885-லேயே காட்லிப் டைம்லர் அதற்குப் பேடண்ட் எடுத்துவிட்டார். அமெரிக்காவில் சாட்விக் என்பவருடைய ஆறு சிலிண்டர் கார், விசிறி வகை ஊதுகருவி ஒன்றைத் தோல் பெல்ட்டினால் சுழற்றிக்கொண்டு 1908-ல் மலையேற்றப் பந்தயத்தில் வென்றது. 1921-ல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் கம்பெனி ரூட்ஸ் வகைக் கருவி பூட்டிய கார்களை விற்பனைக்கு வைத்தது. இவற்றில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. ஆனால் பென்ட்லி கம்பெனியின் அனுபவத்தைச் சொல்லாமல் போவதற்கில்லை. நாலரை லிட்டர் எஞ்சினை நிதானமாகவும் நெடுங்காலம் உழைக்கும்படியும் அமைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லி, அதன்மேல் ஊதுகருவி பூட்டுவதைத் தம் சிருஷ்டிக்குச் செய்யும் அபசாரமாகவே கருதினார்; பந்தயவீரரான டிம் பர்கின் அவர் பேச்சைக் கேளாமல், அம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வகுத்த கருவியை எஞ்சினின் முன்னால், ரேடியேட்டருக்கும் அப்பால், நீட்டிக்கொண்டிருக்கும்படி பூட்டினார். சாதாரண எஞ்சினில் 110 குதிரைத்திறனாக இருந்த சக்தி இதில் 175 ஆயிற்று. 1930-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் ஊதுகருவி பூட்டிய பென்ட்லிகளில் ஒன்றும் எல்லையை எட்டவில்லை. முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் பெற்றவை ஊதுகருவியில்லாத, ஆறரை லிட்டர் பென்ட்லிகள். அதே ஆண்டில் பர்கின் அந்தக் காரிலேயே போ நகரத்தில் நடந்த பிரெஞ்சுப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்ததையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். கருவி தவறானதன்று, அதைத் தாங்கும்படி வகுக்கப்படாத எஞ்சின்மேல் ஏறியதே தவறு என்பது என் துணிபு.

இதற்கு முன்பே, 1918-ல், லாரி இந்தக் கதைக்குள் ஒருமுறை எட்டிப்பார்த்திருக்கிறது. ஆனால் வெறும் சுமைகூலியாகத்தான். மேலே ஏற ஏறக் காற்று மெலிந்து விமான எஞ்சின்கள் சோர்வதைத் தடுக்க, வெளியேறும் புகையின் வேகத்தாலேயே சுழலும் ஊதுகருவியை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த சான்போர்ட் மாஸ் அமைத்திருந்தார். அதைச் சோதிக்க லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, கொலராடோ மாகாணத்துப் பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு, 14,109 அடி உயரத்துக்கு, கொண்டுபோனார்கள். கீழே 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் மேலே 230-க்கு இறங்கிற்று. கருவியை இணைத்ததும் 356 தந்தது. பிற்காலத்தில் டர்போ என்று சுருக்கி அழைக்கப்பட்ட இந்த வகை, எஞ்சினின் தண்டிலிருந்து விசையைத் திருடாமல் வீணாகும் புகையிலிருந்து எடுத்துக்கொள்வதால், முடிவில் லாரி உலகத்தையே ஆளப் பிறந்தது. ஆனால் அது அரியணை ஏறுவதற்கு முன் ரூட்ஸ் சகோதரர்களின் கருவிக்கு ஒரு நீண்ட ஆட்சிக்காலம் வாய்த்தது.

அதை வாய்க்கச் செய்தவர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங். பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் வேலை செய்யும் இரண்டு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினை வளர்த்தெடுப்பதில் அவர் ஈடுபட்டிருந்தார். அவ்வகை எஞ்சினில் காற்றை இழுப்பதற்கென்று தனி ஓட்டமே கிடையாது; பிஸ்டன் அடிமட்டத்துக்கு வந்து, சிலிண்டர்ச் சுவரில் வரிசையாக வெட்டிய துவாரங்கள் திறக்கும் அந்தக் கணநேரத்தில், புதிய காற்று உள்ளே பாய்ந்து பழைய புகையை மேலே திறந்திருக்கும் வால்வுகளின் வழியே அடித்துத் தள்ளியாக வேண்டும். தள்ளுவதற்கு ஊதுகருவி இல்லாவிட்டால் எஞ்சின் ஓடவே ஓடாது. 1938-ல் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் படகுகளுக்குமாக வெளிவந்த 71 வரிசை எஞ்சின்களில் இந்தக் கருவி, எஞ்சினின் விலாப்பக்கத்தில், எஞ்சினைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு சிலிண்டரும் 71 கன அங்குலம். ஆகவே ஆறு சிலிண்டர் எஞ்சின் 6-71. யுத்தகாலத்தில் படைகளைக் கரையில் இறக்கிய படகுகளிலும், இரண்டிரண்டாக இணைக்கப்பட்டு ஷெர்மன் டாங்கிகளில் ஒரு வகையிலும் ஓடியது இந்த 6-71 தான். பூஷணமாக வந்த கருவி இங்கே எஞ்சினின் ஜீவாதாரமாகிவிட்டது. முதலிலிருந்தே ஒன்றையொன்று நம்பிப் படைக்கப்பட்டதால் சச்சரவுக்கு இடமில்லாமல் போயிற்று.

யுத்தத்துக்குப் பின் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இந்த எஞ்சின்களின் கூவலைக் கேளாத ஊரில்லை. 1957-ல் வி வடிவ எஞ்சின்கள் வந்தன. அவற்றுள் எட்டு சிலிண்டர் கொண்ட 8வி-71 தந்த 318 குதிரைத்திறனையே அதற்குப் பெயராக்கி, டிரைவர்கள் அதை முந்நூற்றுப் பதினெட்டு என்றே அழைத்தார்கள். சரக்கு பெருகிற்று, பாதைகள் செங்குத்தாகவே இருந்தன. இன்னும் சக்தி வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது கம்பெனியார் செய்த ஏற்பாடு, இன்றைக்கும் இத்தொழிலில் இறங்குவோர் படிக்க வேண்டிய பாடம். பழைய ஊதுகருவியை எடுத்தெறியாமல், அதற்கு முன்னால் ஒரு டர்போவை வைத்து, டர்போ அமுக்கிய காற்றை ஊதுகருவி வாங்கிச் சிலிண்டருக்கு ஊட்டும்படி செய்தார்கள். எஞ்சினை உயிர்ப்பிக்கவும் மந்தமான வேகத்தில் ஓட்டவும் ஊதுகருவி. வேகம் பிடித்தபின் டர்போ. அதோடு நிற்கவில்லை: சாதாரண எஞ்சினில் 18.7-க்கு 1 என்றிருந்த அமுக்க விகிதத்தை டர்போ எஞ்சினில் 17-க்கு 1 என்று இறக்கினார்கள், ஏனெனில் ஏற்கெனவே அமுங்கிய காற்றை மறுபடியும் அதே அளவு அமுக்கினால் உலோகம் பொறுக்காது. கூடுதல் காற்றுக்கேற்பக் கூடுதல் எண்ணெய் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் பூட்டினார்கள். அந்த இன்ஜெக்டர்களின் தலையில் பொறித்த எண், ஒரு பீய்ச்சலில் எத்தனை கன மில்லிமீட்டர் எண்ணெய் வரும் என்பதைச் சொல்லும். 65 என்றால் அறுபத்தைந்து. எண்ணைப் பார்த்தே எஞ்சினின் தகுதியைக் கணித்துவிடும் மெக்கானிக்குகள் அந்நாளில் இருந்தார்கள். முன்யோசனையின்றிப் பெரிய எண்ணுள்ள இன்ஜெக்டரை மட்டும் மாற்றி, காற்றையும் குளிர்ச்சியையும் மறந்த சொந்தக்காரர்களும் இருந்தார்கள்; கரும்புகையும் வெந்த பிஸ்டனுமே அவர்களுக்குக் கிடைத்த பலன்.

இங்கிலாந்தில் 1954-ல் வந்த காமர் லாரியின் எஞ்சின் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம்: மூன்று சிலிண்டர், ஆறு பிஸ்டன், சிலிண்டருக்கு மூடியே கிடையாது, ரூட்ஸ் ஊதுகருவி, 105 குதிரைத்திறன். காமரைச் செய்த கம்பெனியின் பெயரும் ரூட்ஸ்தான். இரண்டு குடும்பங்களுக்கும் சம்பந்தமில்லை.

நாலு ஸ்ட்ரோக் டீசலில் உறுதியாக நின்ற கம்மின்ஸ் கம்பெனியார், ஆறு சிலிண்டர் லாரி எஞ்சின்களில் ரூட்ஸ் வகைக் கருவியைப் பூட்டி மேற்குப் பிராந்தியத்து மலைப்பாதை லாரிகளுக்கு விற்றுவந்தார்கள்; விளம்பரத்தின் பொருட்டு அதே வகை எஞ்சினைப் பந்தயக் காரில் வைத்து 1950-ல் இண்டியானாபொலிஸ் பந்தயத்துக்கும் அனுப்பினார்கள். கார் பந்தயத்தை முடிக்கவில்லை. 1952-ல் ஊதுகருவியைக் கைவிட்டு, டர்போ பூட்டிய 6.6 லிட்டர் லாரி எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்கவைத்த காரில் பிரெட் அகபாஷியன் தகுதிச் சுற்றில் மணிக்கு 138 மைல் வேகத்தை எட்டி முதலிடம் பெற்றபோது, பந்தய உலகமே திகைத்தது. பந்தய நாளன்று ஓடுதளத்தில் சிதறிய ரப்பர்த் துகள்கள் டர்போவின் வாயை அடைத்து, அந்தக் காரையும் பாதியில் நிறுத்தின என்பது வேறு விஷயம். தண்டிலிருந்து விசை வாங்காத டர்போவின் லாபம் சரக்கு வண்டிக்காரரின் எண்ணெய்ச் செலவுக் கணக்கில் வரவர நன்றாகத் தெரிந்தது. 1990-களில் புகைச் சட்டங்களும் நெருக்கவே, இரண்டு ஸ்ட்ரோக்கும் அதனோடு ஊதுகருவியும் கனரக லாரியை விட்டு இறங்கின.

இதற்கிடையே கலிபோர்னியாவில் வேறொரு ஜாதி மனிதர்கள் தோன்றியிருந்தார்கள். பழைய போர்டு கார்களைப் பிரித்து மேய்ந்து வேகம் தேடிய இந்த ஹாட் ராடு இளைஞர்களுக்கு, யுத்தத்தில் மிஞ்சிக் கழிவுச் சந்தைக்கு வந்த டீசல் ஊதுகருவிகள் பொக்கிஷமாயின. பார்னி நவாரோ என்பவர் மூன்று சிலிண்டர் டீசலின் 3-71 கருவியைப் போர்டு வி-8 பெட்ரோல் எஞ்சினின்மேல் ஏற்றி வழிகாட்டினார். பிறகு 6-71 கருவி பந்தயத்தளங்களின் பொதுச்சொத்தாயிற்று. டீசலில் வெறும் காற்றை ஊதியது இங்கே எரியும் ஆவி கலந்த காற்றை ஊத வேண்டியிருந்ததால், எஞ்சின் ஒருமுறை பின்னோக்கி வெடித்தால் முழுக் கருவியும் மூடியைப் பிளந்துகொண்டு ஆகாயத்துக்குப் போகும் அபாயம் இருந்தது. ஆகவே வெடிப்பை வெளியேற்றும் பலகணிகளும், கருவியைக் கட்டிப்போடும் பட்டைகளும், அமுக்கம் குறைந்த தட்டையான பிஸ்டன்களும், தாமிரத் தகட்டுக் கேஸ்கட்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அந்த டீசல் எஞ்சின் லாரிகளை விட்டு மறைந்துபோன பின்னும், இன்றைய டிராக் பந்தயங்களில் அதியுச்ச வகுப்புக் கார்கள் 14-71 என்று பெயருள்ள கருவியைச் சுமக்கின்றன.

லாரிக்கு ஊதுகருவி மறுபடி திரும்பியது சுமைக்காக அன்று, உல்லாசத்துக்காக. 1999-ல் போர்டு கம்பெனி வெளியிட்ட எஃப்-150 லைட்னிங் என்ற பிக்கப் லாரியில், 5.4 லிட்டர் வி-8 எஞ்சினின் மேல், ஈட்டன் கம்பெனியின் எம்-112 கருவி உட்கார்ந்திருந்தது. ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலக் காற்றைத் தள்ளுவது என்பது அந்த எண்ணின் பொருள். ரூட்ஸ் சகோதரர்களின் நேரான இரட்டைச் சுழலி, இதற்குள் மூன்று மடலும் முறுக்கும் கொண்டதாக மாறியிருந்தது. சக்தி முதலில் 360 குதிரைத்திறன், 2001-லிருந்து 380. இதைப் பார்த்தவர்கள் கருவியையே பார்த்தார்கள்; நான் பாராட்டுவது அதன்கீழே கம்பெனியார் செய்த மற்றக் காரியங்களை. மற்ற 5.4 லிட்டர் எஞ்சினில் 9-க்கு 1 ஆக இருந்த அமுக்க விகிதம் இதில் 8.4 ஆக்கப்பட்டது. கருவி சூடாக்கிய காற்றைத் தண்ணீரால் ஆற்றும் இன்டர்கூலர் ஒன்று அதன் அடியிலேயே வைக்கப்பட்டது. நிதானமாக ஓட்டும்போது காற்று கருவியைச் சுற்றியே திரும்பிப் போகும்படி ஒரு வால்வு அமைத்து, வீண் உழைப்பைத் தவிர்த்தார்கள். கியர் பாக்ஸோ கனமான லாரிகளுக்கென்று செய்த பெரியது. ஊதுகருவிக்காக ஒரு வண்டியே மறுபடி வகுக்கப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

அப்படி வகுத்துக் கொடுத்ததையும் வாங்கியவர்கள் விட்டுவைக்கவில்லை. கம்பெனியார் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 8 பவுண்டு என்று நிறுத்தியிருந்த அழுத்தத்தை உயர்த்துவதற்கு மிகச் சுலபமான வழி, கிராங்க் ஷாப்டின் நுனியிலுள்ள கீழ்ப்புல்லியைக் கழற்றிவிட்டுச் சற்றுப் பெரியதைப் போடுவது; கருவி அதே, ஆனால் சுழலி முன்னிலும் வேகமாகச் சுழலும். மேலேயுள்ள சிறிய புல்லியை இன்னும் சிறிதாக்கினாலும் பலன் அதுதான், ஆயினும் பெல்ட் பிடிக்கும் பரப்புக் குறைந்து வழுக்கத் தொடங்கும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் கீழ்ப்புல்லியையே நாடினார்கள். கடைக்காரர்கள் அந்தப் புல்லிகளை விட்டத்தின் அளவால் விற்கவில்லை. இரண்டு பவுண்டு புல்லி, நாலு பவுண்டு புல்லி, ஆறு பவுண்டு புல்லி என்று, கூட்டித்தரும் அழுத்தத்தின் கணக்கில் விற்றார்கள். ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை. ஆனால் புல்லியை மாற்றியவர் ஒருபடி குளிர்ந்த ஸ்பார்க் பிளக்கைப் போட்டு அதன் இடைவெளியைச் சுருக்க வேண்டும். பொறி எழும் நேரத்தைப் பின்தள்ளி எண்ணெயின் அளவைக் கூட்டும்படி எஞ்சினின் கணினியில் புதிய சில்லு செருக வேண்டும். உயர்தரப் பெட்ரோலைத் தவிர வேறெதையும் ஊற்றலாகாது. இவற்றைச் செய்யாதவருடைய எஞ்சினில் தீ தானாகவே முந்திப் பற்றி, வெளியே சரளைக்கல் உருளுவதுபோன்ற ஓசை கேட்கும். ஓசையை அலட்சியம் செய்தவருக்கு அடுத்தது பிஸ்டன் செலவு. இவற்றையெல்லாம் செய்தவரும் ஓர் எல்லையைக் கடந்தால், உலோகத் தூளை அச்சிலிட்டுச் செய்த கனெக்டிங் ராடுகளே எஞ்சினின் பலவீனம் என்பதை அறிந்துகொண்டார். அப்புறம் எஞ்சினையே இறக்கி, அடித்துருவாக்கிய ராடுகளும் பிஸ்டன்களும் போட்டு, பழைய கருவிக்குப் பதிலாக ஸ்வீடன் தேசத்து லிஸ்ஹோம் 1930-களில் வகுத்த இரட்டைத் திருகு வகைக் கருவியை வைத்தார்கள். ரூட்ஸ் போலன்றி அந்த வகை, காற்றைத் தனக்குள்ளேயே அமுக்கித் தருவதால் அதிக அழுத்தத்தில் குறைவாகவே சூடேறும்.

2018-க்குப் பின் வந்த எஃப்-150 லாரிகளின் 5 லிட்டர் எஞ்சினில் அமுக்க விகிதம் 12-க்கு 1. பழைய காலத்து மெக்கானிக் ஒருவர் இந்த எண்ணைக் கேட்டுவிட்டு, அதன்மேல் ஊதுகருவி ஏற்றுகிறார்கள் என்றும் கேட்டால், கேலி செய்கிறோம் என்றே நினைப்பார். ஆயினும் ஏற்றுகிறார்கள். எண்ணெய் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீய்ச்சப்பட்டு உள்ளே ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கிறது. முந்திப் பற்றும் தீயின் அதிர்ச்சியை உணரும் கருவிகள் அந்தக் கணமே பொறியின் நேரத்தைத் தள்ளிவைக்கின்றன. இரும்பில் செய்ய வேண்டியிருந்த மாற்றங்களில் ஒரு பகுதி கணக்குக்குள் போய்விட்டது, முழுவதும் போய்விடவில்லை. 2021 மாடலாக ராம் கம்பெனி 702 குதிரைத்திறனோடு வெளியிட்ட டி.ஆர்.எக்ஸ் லாரியின் 6.2 லிட்டர் எஞ்சின், ஊதுகருவிக்காகவே 9.5 விகிதத்தில் வகுக்கப்பட்டது.

2023 மாடலாக அதற்குப் போட்டியாக வந்த ராப்டர் ஆர் லாரிக்குப் போர்டு கம்பெனி எடுத்துக்கொண்டது, தன் மஸ்டாங் பந்தய வகைக் காரில் 760 குதிரைத்திறன் தந்துகொண்டிருந்த 5.2 லிட்டர் ஊதுகருவி எஞ்சினை. லாரிக்குள் அது 700 குதிரைத்திறனோடு இறங்கிற்று. மேல்வேகத்தில் கிடைக்கும் சக்தியை விட்டுக்கொடுத்து, மணலிலும் மேட்டிலும் தாழ்ந்த வேகத்திலேயே இழுவிசை கிடைக்கும்படி ஊதுகருவியின் புல்லியை மாற்றினார்கள். புகை வெளியேறும் குழாய்த்தொகுதியைப் புதிதாக வார்த்தார்கள். மசகெண்ணெயை ஆற்றும் கருவியையும் வடிகட்டியையும் மாற்றினார்கள். வண்டி செங்குத்தான சரிவில் சாய்ந்து நிற்கும்போதும் பம்பின் வாய் மசகெண்ணெயை விட்டு விலகாதிருக்க, எஞ்சினின் அடியிலுள்ள அதன் தொட்டியை ஆழமாக்கினார்கள்.